தரம் 1 பிள்ளையளுக்கு வாசிக்கக் குட்டிக்கதையள் ஆரிட்டயும் இருக்கோ?

வணக்கம், மாங்குளத்துக்குக் கிட்ட சின்னப் பள்ளிக்கூடம் ஒண்டில படிப்பிக்கிறன். சைவம், வேதம் (கிறிஸ்தவம்), இஸ்லாம் எல்லாப் பிள்ளையளும் ஒரே வகுப்புத்தான், சமய பாடத்துக்கு மட்டும் பிரிஞ்சு போவினம். 247 எழுத்தையும் முதல்ல பாடமாக்கட்டும் எண்டு தாய் தேப்பன்மார் நிக்கினம், நான் ட, ப, ம எண்டு லேசான வடிவத்தில தொடங்கி படம், மடம், பட்டம் எண்டு சொல்லாவே வாசிக்க விடுறன், டக்கெண்டு பிடிக்குதுகள்.

இப்ப வாசிக்கக் கதைதான் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், மடு மாதா கோயில் திருநாள், நோன்புக் கஞ்சி எல்லாம் வாற மாதிரி, பெரிய எழுத்தில, பக்கத்துக்கு ரெண்டு வரி இருந்தாக் காணும். கடையில வாங்கினதில பனிமனிசன் வாறார், குளமும் பாலைப்பழமும் தெரிஞ்ச பிள்ளைக்கு அதை என்னெண்டு விளங்கப்படுத்துறது?

பிடிஎஃப் எண்டாலும் பரவாயில்லை, பிரிண்ட் எடுப்பன். புலமைப்பரிசில் சோதினைப் பேப்பர் மட்டும் அனுப்பாதேங்கோ, அது தரம் 5க்கு!