'வேக் இன் ஃபிரைட்' படத்தைத் தேடிய அனுபவம்

சிட்னிக்குக் குடிவந்த புதிதில், இந்நாட்டுப் படங்களில் எதைத் தவறவிடக் கூடாது என்று வேலையிடத்தில் கேட்டபோது, வயதில் மூத்தவர்கள் பலர் 'வேக் இன் ஃபிரைட்' என்றார்கள். சொன்ன கையோடு, அது எங்கும் கிடைக்காது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கென்னத் குக் 1961இல் எழுதிய நாவலைத் தழுவி, கனடாக்காரரான டெட் கோச்செஃப் இயக்கி 1971இல் வெளிவந்த படம் அது. பாலைவெளியின் நடுவே ஒரு பள்ளியும் ஒரு மதுக்கடையுமே உள்ள சிற்றூரில் பணியாற்றும் ஆசிரியர் ஜான் கிராண்ட், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிட்னி செல்லும் வழியில் பண்டன்யாபா என்னும் கற்பனைச் சுரங்க நகரில் ஓர் இரவு தங்குகிறார். அரசுக்கு எழுதிக்கொடுத்த பிணைத் தொகையை அடைத்து அந்த வேலையிலிருந்து விடுபடலாம் என்ற ஆசையில் சூதாடி, கையிருப்பு முழுவதையும் இழக்கிறார். அதன் பிறகு அவரைக் கெடுப்பது எந்த வில்லனும் அல்ல. மறுத்தால் கோபித்துக்கொள்ளும் நல்லவர்கள் வாங்கிக் கொடுக்கும் பீர்தான். பந்தியில் இலையை மூடவிடாமல் பரிமாறுகிறவர்களிடம் சிக்கிய அனுபவம் உள்ள நமக்கு, அந்த உபசரிப்பின் கொடுமை சட்டென்று விளங்கும்.

வீடியோக் கடைகளில் விசாரித்தால் உதட்டைப் பிதுக்கினார்கள். நூலகத்தில் நாவல் மட்டுமே இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'அவுட்பேக்' என்ற பெயரில் இப்படம் வெளியானதை அறிந்து அப்பெயரிலும் தேடினேன், பயனில்லை. கடைசியில், உடன் வேலைபார்த்த ஒருவர், எப்போதோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது பதிந்து வைத்திருந்த நாடாவைக் கொண்டுவந்து தந்தார். மண்ணும் வானமும் ஒரே பழுப்பாகத் தெரிந்த அந்த நாடாவில், இரவில் நடக்கும் கங்காரு வேட்டைக் காட்சி வெறும் விளக்கொளியும் துப்பாக்கிச் சத்தமுமாகக் கடந்துபோயிற்று. கதை புரிந்தது, ஆனால் இதை ஏன் இவ்வளவு பேர் இத்தனை ஆண்டுகளாகச் சுமந்து திரிகிறார்கள் என்பது புரியவில்லை.

படத்தின் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட புரோக்கன் ஹில்லுக்கும் ஒருமுறை போய்வந்தேன். சிட்னியிலிருந்து சாலைவழியே 1,100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அந்த வெள்ளி, ஈய, துத்தநாகச் சுரங்க நகரம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருந்தும் தென் ஆஸ்திரேலியாவின் நேரத்தையே பின்பற்றுகிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் செம்மண்ணும் சாம்பல்பச்சைப் புதரும் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை. ஒரு சிறு தட்டையான மரத்துண்டில் இரண்டு நாணயங்களை வைத்து மேலே சுண்டிவிட்டு, இரண்டும் தலையா, பூவா என்று பந்தயம் கட்டும் 'டூ-அப்' என்ற ஆட்டத்தை அங்கேதான் நேரில் கண்டேன். ஜான் கிராண்ட் தோற்பது இதே ஆட்டத்தில்தான். படத்தைப் பற்றிக் கேட்டபோது, பெருநகரத்துக்காரர்கள் தங்களைக் கேவலப்படுத்தி எடுத்த படம் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று சிரித்தவர்களும் இருந்தார்கள்.

படம் திரும்பக் கிடைத்ததற்கு அதன் படத்தொகுப்பாளரான ஆன்டனி பக்லியின் பிடிவாதமே காரணம். டப்ளினில் கிடைத்த ஒரு பிரதி வெளியிடும் தரத்தில் இல்லாததால், அவர் 1996இல் நல்ல பிரதியைத் தேடத் தொடங்கி, 8 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், 'அழிப்பதற்கு' என்று குறிக்கப்பட்ட சரக்குப் பெட்டகத்துக்குள் மூல நெகட்டிவைக் கண்டெடுத்தார். அதிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட பிரதி 2009இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவிலும் சிட்னி திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது.

அந்த ஆண்டு அதைத் திரையரங்கில் பார்த்தபோதுதான் நாடாவில் எவ்வளவு தொலைந்திருந்தது என்று தெரிந்தது. நீலத்தையும் பச்சையையும் கூடியவரை ஒதுக்கி, சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே இயக்குநர் படத்தை அமைத்திருப்பதால், வெக்கை கதைக்குப் பின்னணியாக நிற்காமல் கதையை நகர்த்துகிறது. வியர்வையில் ஒட்டிய சட்டையைப் பார்த்த பிறகு, அடுத்த குவளையை ஜான் கிராண்ட் ஏன் மறுக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. தொழில்முறை வேட்டைக்காரர்களின் உண்மையான வேட்டையைப் படம்பிடித்துச் சேர்த்த அந்தக் கங்காருக் காட்சியைப் பெரிய திரையில் பார்ப்பது கடினமாகவே இருந்தது. என் வரிசையில் இருவர் எழுந்து வெளியேறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அக்காட்சியை வெட்டிய பிரதியில் ஆசிரியரின் வீழ்ச்சி பாதிதான் தெரியும் என்பது என் கருத்து.

இப்போது தேடுவோருக்கு அவ்வளவு சிரமமில்லை. மீட்டெடுத்த பிரதி டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வெளிவந்திருக்கிறது. இதே பெயரில் 2017இல் வந்த தொலைக்காட்சித் தொடர் வேறு. வாங்கும்போது 1971 என்ற ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.