கோடெலின் கடவுள் நிறுவலும் சிவஞானபோதமும்: குறியீட்டு அளவையியல் எதுவரை செல்லும்?

நல்லூர்வாசி எழுதியது:
முழுமையின்மைத் தேற்றங்களை 1931 இல் வெளியிட்ட அளவையியலாளர் குர்த் கோடெல், கடவுள் உண்டு என்பதற்கான நிறுவல் ஒன்றையும் குறியீட்டில் எழுதி, 1970 இல் இன்னொரு அளவையியலாளரான டானா ஸ்கொட்டிடம் காட்டினார். நற்பண்புகள் யாவும் உடைய ஒன்று இருத்தல் இயலுமாயின் அது இருந்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். ஸ்கொட் திருத்தியெழுதிய வடிவத்தை 2013 இல் பென்ஸ்முல்லரும் பாலேயோவும் கணினியில் சரிபார்த்து, அதன் படிகள் வாய்ப்பானவை, அதாவது ஒன்றிலிருந்து ஒன்று தவறாமல் பெறப்படுபவை, எனக் காட்டினர். எங்கள் உயர்தர மாணவர்கள் அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஒரு பாடமாகவும், சைவசித்தாந்தத்தை வேறொரு பாடத்திலும் கற்கிறார்கள்; இரண்டும் சந்திக்கும் இடத்தைக் காட்டுவார் அரிது. மெய்கண்டாரின் சைவசித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தையும் இவ்வாறே குறியீட்டில் எழுதிச் சோதிப்பது யாழ்ப்பாணத்து மெய்யியல் ஆய்வாளரின் கடமை என்பேன்.

கோண்டாவில் கணித ஆசிரியை எழுதியது:
ஐயா, கணினி சரிபார்த்தது படிகளை மட்டுமே. எடுகூற்றுகள், அதாவது வாதம் தொடங்கும் கூற்றுகள், உண்மையா என்பதை அது அறியாது. அதே ஆய்வாளர்களின் கணினி நிரல், கோடெல் தம் கையால் எழுதிய மூல வடிவத்தின் வெளிப்படை உண்மைகள் (நிறுவாமலே ஏற்கப்படும் எடுகூற்றுகள்) ஒன்றோடொன்று முரண்படுவதையும் கண்டுபிடித்தது. முரண்பட்ட எடுகூற்றுகளிலிருந்து கடவுள் உண்டு என்றும் நிறுவலாம், இல்லை என்றும் நிறுவலாம். அதைவிடப் பெரிய இடர் ஒன்றை 1987 இல் மெய்யியலாளர் சோபெல் காட்டினார்: இந்த வெளிப்படை உண்மைகளை ஏற்றால், உண்மையான ஒவ்வொன்றும் கட்டாய உண்மையாகிவிடும், வேறுவிதமாக நடந்திருக்கக்கூடியது எதுவும் எஞ்சாது. இதையா நாங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது?

நல்லூர்வாசி எழுதியது:
நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்றோர் கண்ணுக்குத் தப்பிய முரண்பாடு வெளிப்பட்டது குறியீட்டில் எழுதப்பட்டிருந்தமையாலேயே. சோபெலின் இடரைத் தவிர்க்க 1990 இல் மெய்யியலாளர் அன்டர்சன் வெளிப்படை உண்மைகளை மாற்றியமைத்ததும் அந்தத் தெளிவினாலேதான். பிழை எங்கே என்று காட்டக்கூடிய முறையை ஏன் அஞ்சவேண்டும்?

வட்டுக்கோட்டைச் சித்தாந்த மாணவன் எழுதியது:
ஆசிரியை சொன்ன இடர் எங்களை இன்னும் கடுமையாகத் தாக்கும். நிகழ்பவை யாவும் கட்டாயமெனின் உயிர் வினை ஈட்டுவதும், பக்குவம் அடைவதும், அருள் பதிவதும் பொருளற்றுப் போகின்றன. ஆனால் மெய்கண்டார் கோடெலைப் போல நற்பண்பு என்ற கருத்திலிருந்து தொடங்கவில்லை. முதற் சூத்திரத்தில், அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கண்டு, ஒடுங்கிய இடத்திலிருந்தே அது மீளத் தோன்றவேண்டும் என்று கருதி, ஒடுக்குபவனே முதல்வன் என்று அவர் முடிக்கிறார். காண்டலில் காலூன்றிய இவ்வாதத்துக்குக் கோடெலின் நிறுவலை அளவுகோலாக வைப்பது பொருந்தாது. மேலும் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞானசித்தியார் காண்டல், கருதலோடு (ஊகித்தறிதலோடு) உரையையும், அதாவது ஆகமச் சொல்லையும், அறிவு பெறும் வழியாகிய அளவையாக ஏற்கிறது. உரைக்குக் கணினியில் இடமேது?

கோண்டாவில் கணித ஆசிரியை எழுதியது:
தம்பி, உரை அளவைதான் என்றாலும், அதே நூலில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் அருணந்தி சிவாச்சாரியார் பௌத்தரையும் சமணரையும் தம் ஆகமத்தை மட்டும் காட்டி மறுக்கவில்லை. அவர்கள் கொள்கைக்குள்ளேயே புகுந்து வாதிடுகிறார். ஆகவே ஆராய்ச்சிக்கு நான் எதிரியல்லள், வெற்றி முழக்கத்துக்கே எதிரி. முழு உலகமும் ஒருங்கே ஒடுங்குவதை எவரும் கண்டதில்லை. பகுதிகள் ஒடுங்குவதைக் கண்டு முழுமைக்கும் அதையே சொல்வது எந்த விதியால்? அந்த ஒரு படிக்கு விடை சொல்லாமல் குறியீடு போட்டுப் பயனில்லை.

வட்டுக்கோட்டைச் சித்தாந்த மாணவன் எழுதியது:
பகுதிகளாலான ஒன்று அப்பகுதிகளின் இயல்பை விட்டு நிற்காது என்பது எங்கள் பக்கத்து விடை. அது எல்லாப் பண்புகளுக்கும் செல்லாது என நீங்கள் மறுப்பீர்கள் என்பதும் தெரியும். தோன்றி ஒடுங்குதல் என்ற பண்புக்கு அது செல்லும் என்பதே என் வாதம்.

நல்லூர்வாசி எழுதியது:
அப்படியானால் முதலில் எழுதவேண்டிய எடுகூற்று அதுவே. முன், பின் என்ற காலத்தொடர்பைக் காட்டும் குறியீடுகளும் அதற்கு வேண்டும். கோடெல் பயன்படுத்திய இயலுமை, கட்டாயம் என்பன மட்டும் போதா. தம்பி, அந்த எடுகூற்றை எந்தப் பண்புகளுக்கு மட்டும் ஏற்கிறீர்கள் என்று வரையறுத்து இங்கே இடுங்கள்; ஆசிரியை அதைப் பொய்யாக்கும் எதிர்க்காட்டுத் தேடட்டும்.