பழைய ஸ்பானியக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஸ்பெயின் 1542-இல் கொண்டுவந்த 'புதிய சட்டங்கள்' பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கப் பழங்குடிகளை இனி அடிமையாக்கக் கூடாது என்ற சட்டம். அமல்படுத்தப் போன பெரு வைஸ்ராயின் தலையையே, சட்டத்தை எதிர்த்துக் கலகம் செய்த ஸ்பானியக் குடியேறிகள் 1546-இல் வெட்டிவிட்டார்கள்!

என்னை விடாமல் பிடித்திருப்பது ஒரு சடங்கு. பிடிக்காத அரசாணை வந்தால் காலனி அதிகாரிகள் அதை முத்தமிட்டு, தலைமேல் வைத்து, "கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை" என்பார்கள். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காலனிக் கால ஆவணங்கள் இருக்கும் ஸ்பெயினின் செவில் நகர ஆவணக் காப்பகத்தின் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பேனாவை எடுக்காமல் சொல்லோடு சொல் கோத்து எழுதிய 'ப்ரோசெசால்' எழுத்து அது. ஒரு வரிக்கு அரைமணி நேரம் ஆகிறது. இதைப் படித்துப் பழகியவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்களேன். இரண்டு பக்கம் கூட உட்கார்ந்து படிக்க யாராவது வந்தால் பெரிய உதவி.