ஸ்பாட்டரில் பத்துக்கு இரண்டு, லோயர் லிம்ப் தொடங்கிவிட்டது: தசைகளை எப்படிப் படிப்பது?

முதலாண்டு மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் எப்படியோ ஓடுகிறது, அனாட்டமியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அப்பர் லிம்ப் (கை) டெஸ்ட்டில் தியரி தேறிவிட்டேன், ஸ்பாட்டரில், அதாவது எண் அட்டை கட்டி வைத்த உடற்பாகத்தைப் பார்த்து இன்னதென்று எழுதும் தேர்வில், பத்துக்கு இரண்டு.

மூன்றாவது ஸ்பாட்டர், டிஸெக்‌ஷன் செய்து (அறுத்துப் பிரித்து) வைத்திருந்த ஒரு முன்கை. ஒரு தசையில் நூல் கட்டி எண் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மணி அடித்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். அதுவரை அதையே பார்த்துக்கொண்டு நின்று, கடைசி நொடியில் ப்ரோனேட்டர் டெரஸ் என்று எழுதினேன். அது பிரேக்கியோரேடியாலிஸ். அந்தத் தசை எங்கே தொடங்கும், எங்கே முடியும், எந்த நரம்பு என்று முந்தின நாள் ராத்திரி ஐந்து முறை எழுதிப் பார்த்திருந்தேன், இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் கண்ணெதிரே கிடந்தபோது அதுதான் இது என்று தெரியவில்லை. அறைக்கு வந்து அழுதேன்.

பெயர்களே ஒரு பக்கம் பயமுறுத்துகின்றன. எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ், பிரேவிஸ், எக்ஸ்டென்சர் பொலிசிஸ் லாங்கஸ், பிரேவிஸ், எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. இந்த வாரம் லோயர் லிம்ப் (கால்), அதில் தொடை ஆரம்பித்துவிட்டார்கள். மனப்பாடம் செய்யத் தயார், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன், ஆனால் நான் செய்கிற முறையே தப்பா என்று தெரிய வேண்டும்.

ஃபைனல் இயர்:

தங்கச்சி, முதலில் அழுகையை நிறுத்து, ஸ்பாட்டரில் இப்படி அடிவாங்காதவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே கொஞ்சம் பேர்தான்.

நீ எழுதியதிலேயே பதில் இருக்கிறது. நீ படித்தது பிரேக்கியோரேடியாலிஸைப் பற்றிய வரிகளை, பிரேக்கியோரேடியாலிஸை நீ பார்க்கவே இல்லை. இப்போதே பார்த்துவிடு. மேசைக்கு முன்னால் உட்கார், முழங்கையை மடக்கு, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் மேசையை மேல்நோக்கித் தூக்குவது போல அழுத்து. முழங்கை மடிப்புக்கு வெளிப்பக்கமாக ஒரு மேடு திரண்டு எழும்புகிறதா, அதுதான். இன்னொரு கையின் விரலை வைத்து மேலே தடவிக்கொண்டே போ, மேற்கை எலும்பான ஹியூமரஸின் வெளி ஓரத்தில் போய் ஏறும். கீழே தடவினால் முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் நுனிக்கு வரும். நீ ஐந்து முறை எழுதிய ‘லேட்டரல் சுப்ராகாண்டைலார் ரிட்ஜின் மேல் மூன்றில் இரண்டு பங்கு’ இப்போது உன் விரலுக்கு அடியில் இருக்கிறது.

அடுத்து, முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனை மீடியல் எபிகாண்டைல். எதிர்க்கையின் கட்டைவிரலை அதற்குப் பின்னால் கொக்கி போல் போட்டு, மற்ற நான்கு விரல்களையும் முன்கையின் மேல் சரிவாகப் படர வை. ஆள்காட்டி விரல் கிடக்கும் இடம் ப்ரோனேட்டர் டெரஸ், நடுவிரல் ஃப்ளெக்சர் கார்பி ரேடியாலிஸ், மோதிர விரல் பால்மாரிஸ் லாங்கஸ், சுண்டுவிரல் ஃப்ளெக்சர் கார்பி அல்னாரிஸ். நான்கும் ஒரே முனையிலிருந்து விசிறி போல விரிவதால்தான் இது சரியாக விழுகிறது. பிரேக்கியோரேடியாலிஸ் எதிர்ப்பக்கம், வெளி ஓரத்திலிருந்து வருவது, எனவே இனி அதையும் ப்ரோனேட்டர் டெரஸையும் மாற்றி எழுத மாட்டாய். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட்டுக்கொள்ள மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் பால்மாரிஸின் நாண் எழும்பும். எழும்பாவிட்டால் பயப்படாதே, சிலருக்கு அந்தத் தசை பிறவியிலேயே இருக்காது, உன் அறைத்தோழிகளில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார், அதற்கப்புறம் அந்தப் பெயர் மறக்கவே மறக்காது.

போன் செட் (படிக்கத் தரும் எலும்புகள்) இருக்கிறதல்லவா? கலர் சாக்பீஸ் வாங்கி எலும்பின் மேலேயே தசை தொடங்கும் ஆரிஜினைச் சிவப்பிலும் அது முடியும் இன்செர்ஷனை நீலத்திலும் போடு, அழி, மறுபடி போடு. நான் தேறியது இதனால்தான்.

ஹவுஸ் சர்ஜன்:

நானும் தமிழ் வழிதான்மா, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். முதல் மூன்று மாதம் வகுப்பில் சொல்வது ஆங்கிலமா லத்தீனா என்று பிரித்துச் சொல்லக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் இந்தச் சொற்கள் புதுசுதான். அவர்கள் தைரியமாக உச்சரிக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இந்தப் பெயர்கள் உண்மையில் பெயர்களே இல்லை, அடையாளக் குறிப்புகள். எக்ஸ்டென்சர் என்றால் நீட்டுவது, ஃப்ளெக்சர் என்றால் மடக்குவது. கார்பி மணிக்கட்டு, டிஜிட்டோரம் விரல்கள், பொலிசிஸ் கையின் கட்டைவிரல், ஹாலுசிஸ் காலின் கட்டைவிரல். லாங்கஸ் நீளம், பிரேவிஸ் குட்டை, மேக்னஸ் பெரியது, டெரஸ் உருண்டு திரண்டது, கிராசிலிஸ் ஒல்லி. அப்படியானால் எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ் என்பது ‘மணிக்கட்டை நீட்டும், ரேடியஸ் பக்கத்து, நீளமான தசை’. என்ன வேலை, எங்கே, எந்த அளவு என்று மூன்றையும் பெயரே சொல்லிவிடுகிறது. செரேட்டஸ் ஆன்டீரியர் என்பதில் செரேட்டஸ் ரம்பப் பல், விலா எலும்புகளில் அது பல் பல்லாகத்தான் தொடங்குகிறது, டேபிளில் போய்ப் பார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் சொல், வலது பக்கம் தமிழில் பொருள் என்று எழுதினேன். நூறு சொல்லுக்குள் முடிந்துவிட்டது. தமிழில் யோசிப்பதற்கு வெட்கப்படாதே, பதிலை ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

தொடையில் சார்ட்டோரியஸ் வரும். சார்ட்டர் என்றால் லத்தீனில் தையற்காரர், அவர்கள் காலை மடித்து உட்கார்ந்து தைத்ததால் அந்தப் பெயர். நமக்குச் சம்மணம் போதும். சம்மணம் போட்டு உட்காரும்போது உன் தொடை என்னென்ன செய்கிறது பார்: இடுப்பில் மடங்குகிறது, வெளியே விலகுகிறது, வெளிப்பக்கமாகத் திரும்புகிறது, முழங்கால் மடங்குகிறது. சார்ட்டோரியஸின் ஆக்‌ஷன் நான்கும் அதுதான். இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, தரையில் உட்கார்ந்தால் தெரியும்.

டேபிள் நம்பர் 4:

மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் ஒன்றில் தெளிவாக இருக்க வேண்டும், புரிந்தால் போதும் என்று மனப்பாடத்தைக் கைவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவாய். எக்ஸாமினர் எலும்பைக் கையில் கொடுத்து ‘இங்கே என்ன ஒட்டுகிறது’ என்றுதான் கேட்பார். நரம்பை மட்டும் தசை தசையாகப் படிக்காதே, அறை (கம்பார்ட்மென்ட், ஒன்றாகக் கிடக்கும் தசைக் கூட்டம்) அறையாகப் படி. தொடையில் முன் அறை ஃபெமரல் நரம்பு, உள் அறை ஆப்டுரேட்டர், பின் அறை சயாட்டிக்கின் டிபியல் பகுதி. முழங்காலுக்குக் கீழே முன் அறை டீப் பெரோனியல், வெளி அறை சூப்பர்ஃபீஷியல் பெரோனியல், பின் அறை டிபியல். விதி இவ்வளவுதான். அப்புறம் விதிவிலக்கு: பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலைக்குக் காமன் பெரோனியல், அடக்டர் மேக்னஸுக்கு ஆப்டுரேட்டரும் டிபியல் பகுதியும் என இரண்டு. முன்கையின் முன் அறையும் இப்படித்தான், எல்லாம் மீடியன், ஃப்ளெக்சர் கார்பி அல்னாரிஸும் ஃப்ளெக்சர் டிஜிட்டோரம் ப்ரொஃபண்டஸின் உள் பாதியும் மட்டும் அல்னார். வைவாவில் கேள்வி பெரும்பாலும் விதிவிலக்கில்தான் விழும்.

முதலாண்டு மாணவி:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேசைக்கு அடியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், உண்மையிலேயே எழும்பியது! பால்மாரிஸ் எனக்கு வலது கையில் இருக்கிறது, இடது கையில் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்து எலும்பான ஃபிபுலாவைக் கையில் கொடுத்தால், அது வலது காலுடையதா இடது காலுடையதா என்று எனக்குச் சொல்லவே வரவில்லை. இன்னொன்று, டிஸெக்‌ஷன் ஹாலில் டேபிளைச் சுற்றி எல்லோரும் நெருக்கி நிற்பார்கள், நான் பின்வரிசையில் நிற்பேன். ஃபார்மலின் கண்ணை எரிக்கும், முன்னால் போகவும் கூச்சம். வீட்டில் அட்லஸ் படம் பார்த்துச் சமாளித்துவிடலாமா?

அனாட்டமி டியூட்டர்:

சமாளிக்க முடியாதும்மா. அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். டேபிளில் எல்லாமே ஒரே பழுப்பு. தொட்டுப் பார்த்தால்தான் நரம்பு கெட்டியான கயிறு போல இருப்பதும், சிரையின் சுவர் மெலிந்து தட்டையாகக் கிடப்பதும் தெரியும். நீ அந்த அட்டை கட்டிய தசையில் தடுமாறியதற்கு முதல் காரணம் பின்வரிசைதான் என்று நினைக்கிறேன்.

கூச்சத்துக்கு ஒரு வழி. வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனதும் உங்கள் டியூட்டரிடம் போய் ‘இன்னும் அரை மணி நேரம் டேபிளில் இருந்துகொள்ளட்டுமா’ என்று கேள். பதினைந்து வருடமாகக் கற்பிக்கிறேன், இப்படி வந்து கேட்ட பிள்ளையை நான் திருப்பி அனுப்பியதில்லை, கூட நின்று காட்டிக்கொடுக்கவே மனசு வரும். முதல் நாள் அந்த உடலுக்கு முன்னால் உறுதிமொழி எடுத்திருப்பீர்களே, நினைத்துப் பார். தன் உடலை உங்களுக்காகக் கொடுத்துவிட்டுப் போன ஒருவர் அங்கே கிடக்கிறார். உங்கள் முதல் ஆசிரியர் அவர். அவர் பக்கத்தில் போய் நிற்கக் கூச்சப்படவே கூடாது. கண்ணெரிச்சலுக்கு ஜன்னல் பக்கமாக நின்றுகொள், நடுநடுவே வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வா.

ஃபிபுலாவுக்கு வருவோம். உருண்டையான தலை மேலே, தட்டையாகக் கூர்த்த முனை கீழே. அந்தக் கீழ் முனையில் முக்கோணமாக வழுவழுப்பான ஒரு பரப்பு இருக்கும், அது கணுக்கால் எலும்பான டேலஸோடு சேரும் இடம், எனவே அது உள்பக்கம் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் விரல் நுனியில் தட்டுப்படும்படி ஒரு குழி, மேலியோலார் ஃபாஸா. வழுவழுப்பை உள்பக்கமும் குழியைப் பின்பக்கமும் வைத்து உன் காலோடு சேர்த்துப் பிடி, எந்தக் காலில் பொருந்துகிறதோ அந்தக் கால். கண்ணை மூடிக்கொண்டு பழகு.

ஆர்த்தோ பிஜி:

இரவு டூட்டி முடித்து வந்து இதைப் படிக்கிறேன், அதனால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். போன மாதம் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவந்தார்கள், ஹியூமரஸ் நடுத்தண்டில் முறிவு. எக்ஸ்ரேக்கு அனுப்பும் முன்பே கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ‘மணிக்கட்டைத் தூக்குங்க’ என்றேன். விரல்களை மடக்கினார், மணிக்கட்டு தொங்கியது தொங்கியபடியே இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கையைத் தொட்டேன், உணர்ச்சி இல்லை என்றார். ரேடியல் நரம்பு அந்த எலும்பின் பின்பக்கம் ஸ்பைரல் க்ரூவ் என்ற பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுவதை முதலாம் ஆண்டில் சாக்பீஸால் வரைந்திருந்ததால் அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று கை தானாகவே போனது. முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸைச் சோதித்தேன், இறுகியது. அதற்கான முக்கியக் கிளைகள் மேலேயே பிரிந்துவிடுவதால் அது தப்பித்திருக்கிறது. கட்டுப் போடும் முன்பே நரம்பின் நிலையைக் கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் போனதா, நாம் போட்ட கட்டால் போனதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

லோயர் லிம்பில் இதே கதைதான் ஃபிபுலாவின் கழுத்தில். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் குமிழ்தான் ஃபிபுலா தலை, அதற்குச் சற்றுக் கீழே காமன் பெரோனியல் நரம்பு தோலுக்கடியிலேயே எலும்பைச் சுற்றி வருகிறது. நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்தால்கூட அது அழுந்தலாம், மாவுக்கட்டு அங்கே இறுகினாலும் அழுந்தும். பாதம் தொங்கிவிடும், நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் தட்டென்று வைப்பார்கள். டேபிள் நம்பர் 4 சொன்ன முன் அறையும் வெளி அறையும் ஏன் சேர்ந்தே செயலிழக்கின்றன என்று இந்த இடத்தில் யோசி.

இன்று ராத்திரி ஒன்று செய். எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பு எலும்பின் ஓரத்துக்குக் கீழே பக்கவாட்டில் வை, இடது காலைத் தூக்கு. எந்தப் பக்கம் இறுகுகிறது என்று வந்து எழுது.

முதலாண்டு மாணவி:

சார், செய்து பார்த்தேன். தூக்கிய இடது பக்கம் இறுகும் என்று நினைத்தேன், ஊன்றியிருந்த வலது பக்கம்தான் கல் மாதிரி ஆனது. அந்தத் தசை குளூட்டியஸ் மீடியஸ், அதற்கு சுப்பீரியர் குளூட்டியல் நரம்பு. வலது பக்கம் அது வேலை செய்யாவிட்டால் தூக்கிய இடது பக்கம் இடுப்பு கீழே சரியும், ட்ரெண்டெலன்பர்க் என்று புத்தகத்தில் இருப்பது இதுதானே? நேற்று மதியம் டியூட்டர் மேடமிடம் கேட்டு டேபிளில் நாற்பது நிமிடம் தனியாக இருந்தேன். அடக்டர் மேக்னஸின் கீழ்ப்பகுதியில் ஒரு ஓட்டை, அதற்குள் ஃபெமரல் தமனி நுழைந்து பின்பக்கம் போகிறது, அந்த ஓட்டைக்குள் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.

ஆர்த்தோ பிஜி:

அதேதான். அது அடக்டர் ஹையேட்டஸ். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் அந்தத் தமனிக்குப் பெயர் மாறும், என்ன பெயர் என்று நாளைக்கு மேடமிடம் நீயே போய்ச் சொல்.