பாலிபிளெக்ஸ்: பல்லணைவா, திரணையா?

> பாலிபிளெக்ஸுக்குப் "பல்லணைவு" என்று வைத்துக்கொள்ளலாமே? அணைவு ஏற்கெனவே பாடநூலில் இருக்கும் சொல்தான்.

வணக்கம். பாலிபிளெக்ஸ் என்பது டி.என்.ஏ.வும் நேர்மின்சுமை உள்ள பலபடியும் (பாலிமர்) சேர்ந்து உருவாகும் துகள், மரபணுவைச் செல்லுக்குள் கொண்டு செல்ல உதவுவது. அணைவு என்ற சொல் பாடநூலில் இருப்பதால்தான் எனக்குத் தயக்கம். அணைவு என்றதும் வேதியியல் படித்தவர் மனதில் நடுவில் ஓர் உலோக அயனி, அதற்கு எலக்ட்ரான் இணையைத் தரும் ஈனிகள், நான்கு, ஆறு என்று ஓர் அணைவு எண் எல்லாம் வந்து நிற்கும். டி.என்.ஏ.வும் நேர்மின் பலபடியும் சேரும்போது இவற்றில் எதுவுமே இல்லை. "பல்" என்ற முன்னொட்டிலும் குழப்பம் உண்டு. பலபடியால் ஆனது என்று சொல்ல வருகிறோம். பல அணைவுகள் என்றுதான் காதில் விழும்.

அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். டி.என்.ஏ. இழையில் 0.34 நானோமீட்டருக்கு ஒரு கார இணை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாஸ்பேட், அதாவது இரண்டு எதிர்மின்சுமை. இவ்வளவு நெருக்கமான மின்சுமை தனித்திருக்காது. கரைசலில் உள்ள சோடியம் போன்ற அயனிகள் இழையை ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ 76 விழுக்காட்டுச் சுமையை ஈடுகட்டிவிடும் என்கிறது மானிங் கோட்பாடு. நேர்மின் பலபடி வந்ததும் இந்தச் சிறு அயனிகள் இடத்தைக் காலி செய்து கரைசலுக்குத் திரும்புகின்றன. ஒரே ஒரு பலபடி கட்டுண்டாலும் பல அயனிகள் விடுதலை பெறுவதால் மொத்த என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. எதிரெதிர் மின்சுமைகள் ஈர்த்துக்கொள்கின்றன என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் உந்துவிசை இந்த விடுதலைதான். உப்பைக் கூட்டினால் பிடி தளர்வதும் இதனால்தான்.

ஈடுகட்டிய சுமை 90 விழுக்காட்டை எட்டும்போது விறைப்பான நீண்ட இழை சடக்கென்று சுருண்டு உருள்கிறது. மூன்று நேர்மின்சுமை உள்ள ஸ்பெர்மிடின் என்ற சிறு மூலக்கூறு இதற்குப் போதும். நீரில் மெக்னீசியத்தின் இரண்டு சுமை போதாது. பல நேரங்களில் உருவாவது சுமார் 100 நானோமீட்டர் அகலமுள்ள வளையம், சும்மாடு போல.

இதையெல்லாம் ஒரே வேரில் சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். திரள் என்ற வேர் கைகொடுக்கிறது. இழை திரள்கிறது, நிகழ்வு திரட்சி, பாலிலைசின், பாலிஎத்திலீனிமின், கைட்டோசான் போன்ற நேர்மின் பலபடிகள் திரட்டிகள், கிடைக்கும் துகள் திரணை. உருண்டு திரண்ட பொருளைக் குறிக்கும் பழைய சொல்தான் அது. ஒடுக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினை, இலங்கையில் ஆவி நீராவது. கடல் தாண்டினால் பொருள் மாறும் சொல் நமக்கு எதற்கு?

ஆங்கிலத்திலும் இப்பெயர்கள் தானாக முளைக்கவில்லை. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டு செல்லும் துகள்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்ததால், 1997இல் ஆய்வாளர்கள் பலர் கூடி கொழுப்போடு சேர்ந்தால் லிப்போபிளெக்ஸ், பலபடியோடு சேர்ந்தால் பாலிபிளெக்ஸ், இரண்டும் கலந்தால் லிப்போபாலிபிளெக்ஸ் என்று முன்மொழிந்தார்கள். நமக்கும் அதே வரிசை எளிதாக வந்துவிடுகிறது: கொழுப்புத் திரணை, பலபடித் திரணை, கொழுப்பு-பலபடித் திரணை. மூன்றாவது கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆங்கிலத்திலும் அது நீளம்தானே.

> சரி, ஆனால் "நேர்மின்" சொல்லில் வர வேண்டாமா? அதுதானே முக்கியம்?

வரக்கூடாது என்பேன். நேர்மின் பலபடித் திரணை என்றால் துகளே நேர்மின்சுமை உடையது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது கலக்கும் விகிதத்தைப் பொறுத்தது. பலபடியின் நைட்ரஜனுக்கும் டி.என்.ஏ.வின் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் குறைவென்றால் துகள் எதிர்மின்சுமையோடு நிற்கும். இரண்டும் ஈடாகும் இடத்தில் துகள்கள் ஒன்றையொன்று விலக்காமல் ஒட்டிக் கட்டிபடும். பலபடி மிகுந்தால்தான் நேர்மின்சுமை. இன்னொன்று, பாலிஎத்திலீனிமினின் நைட்ரஜன்கள் எல்லாமே உடலின் அமிலநிலையில் புரோட்டான் ஏற்றிருப்பதில்லை. அதனால் விகிதம் ஒன்று என்பதைச் சுமை சமம் என்று படிக்கவும் முடியாது. சுமையை அளவீட்டில் சொல்லிக்கொள்ளலாம், பெயரில் வேண்டாம்.

மேலே "கட்டிபடும்" என்று எழுதியதும் வேண்டுமென்றுதான். ஓர் இழை தன்மேல் சுருள்வது திரட்சி, பல துகள்கள் ஒட்டுவது கட்டிபடல். ஆய்வுக் கட்டுரைகளே இரண்டையும் கலந்து குழப்புகின்றன. நாமாவது பிரித்து வைப்போம்.

திரணைக்கு அடங்காத ஓர் இடமும் உண்டு. குறுகிய ஒற்றை இழை டி.என்.ஏ.வைப் பாலிலைசினோடு கலந்தால் திண்மத் துகள் வராமல், ஒன்றோடொன்று கலந்து பெரிதாகும் திரவத் துளிகள் பிரிவது உண்டு. இரட்டை இழையின் விறைப்பும் மின்சுமை நெருக்கமும் வீழ்படிவைத் தருகின்றன. ஒற்றை இழையின் நெகிழ்வு துளியைத் தருகிறது. ஓடும் துளியைத் திரணை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் கோஅசர்வேட் எனப்படும் இத்துளிக்குத் தனிச்சொல் வேண்டும். "செறிதுளி" என்று ஒன்று தோன்றியது, ஆனால் நிகழ்வைக் குறிக்க அதிலிருந்து நல்ல வினைச்சொல் வரவில்லை. வேறு வேர் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.