பள்ளம் என்றால் வழி சொன்னார்கள்: கௌசிகா நதிக்கரை அனுபவம்

கோவைக்கு வடக்கே குருடிமலைச் சரிவுகளில் தொடங்கி, கோவில்பாளையம் வழியாகக் கிழக்கே சென்று, திருப்பூரை நெருங்கும் வஞ்சிபாளையம் பகுதியில் நொய்யலுடன் சேரும் கௌசிகா நதியை அதன் தடத்திலேயே பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது நிறைவேறியபோது, நதியைக் காட்டிலும் அதன் பெயரைத் தேடுவதே கடினமாக இருந்தது.

கரையோர ஊர்களில் கௌசிகா நதிக்கு வழி கேட்டால் பலர் விழித்தனர். ஒரு தோட்டத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் மட்டும் சற்று யோசித்து, "ஆறுங்களா? இங்க அப்படி ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பள்ளத்தைக் கேக்கறீங்களா?" என்று கை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில்தான், சீமைக்கருவேலம் அடர்ந்து, மணல் படிந்து கிடந்தது நதி. அதன் பிறகு பள்ளம் என்று கேட்டேன். எல்லோரும் வழி சொன்னார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தச் சமவெளியில், மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் தடத்தைப் பள்ளம் என்பதே கொங்கு வழக்கு. அதனுடன் ஊர்ப்பெயரும் சேர்ந்துகொள்ளும். கோவை நகருக்குள் ஓடும் சங்கனூர்ப் பள்ளத்தை எல்லோரும் அறிவோம். கௌசிகா என்னும் பெயரோ கோயில் சார்ந்தது. கோவில்பாளையம் காலகாலேசுவரர் கோயிலின் தலவரலாறு, கௌசிகர் எனப்படும் விசுவாமித்திரரோடு தொடர்புடையது. அவ்வூருக்குக் கௌசிகபுரி என்ற பெயரும் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ளவர்களுக்கு அது நதி. நான்கு ஊர் தள்ளி உழுபவர்களுக்கு அது பள்ளம்.

இந்த நதி சென்று சேரும் நொய்யலின் கதையும் இத்தகையதே. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் அதைப் பேரூர்த் தலபுராணம் காஞ்சிமாநதி என்று போற்றுகிறது. இன்று வழங்கும் பெயரோ, அது காவிரியில் கலக்கும் கரூர் மாவட்டத்து நொய்யல் என்ற சிற்றூரின் பெயர்.

இவற்றுள் எது சரியான பெயர் என்று வாதிடுவதைவிட, அனைத்தையும் ஒரே வரைபடத்தில், அவை வழங்கும் இடத்திலேயே எழுதிவைப்பது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன். கௌசிகா என்று மட்டும் குறித்தால் உழவர்கள் தங்கள் பள்ளத்தை அதில் அடையாளம் காணமாட்டார்கள். பள்ளம் என்று மட்டும் குறித்தால், மலையிலிருந்து நொய்யல்வரை நீளும் ஒரே நீர்வழி துண்டு துண்டான ஓடைகளாகத் தோன்றிவிடும்.