கோடை வெயிலும் பிராசசரின் ஏர் கூலரும்: வீட்டில் கணினி கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி மாடிவீடு:

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர் போட்டு நானே கட்டிய கணினி. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வீட்டு உள்ளலங்கார வேலைகளுக்கு ரெண்டர் எடுப்பதுதான், அதாவது வடிவமைப்பைப் படமாக்குவதுதான் பிழைப்பு. பிராசசரின் சூட்டைத் தணிக்க அதன் பெட்டியிலேயே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரை மார்கழி, தையில் குறை சொல்லவே முடியாது. சித்திரை பிறந்ததும் நிலைமை மாறியது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, ஏசி கிடையாது. மாலை ஆறு மணிக்கும் அறைக்குள் 38 டிகிரி. ரெண்டர் போட்ட சில நிமிடங்களில் பிராசசர் 90-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். அதன் உச்ச வரம்பே அதுதான். அதற்கு மேல் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துவிடும்.

சரி, கோபுரம்போல் உயரமாக நிற்கும் டவர் கூலர் வாங்கலாம் என்று முடிவெடுத்தேன். இத்தனை வாட் சூட்டைத் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தப்பு அங்கேதான். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் கணக்கிட்டுப் போடுகிறது, எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. என் பிராசசர் முழு வேகத்தில் இழுப்பதே 76 வாட்தான். நான் வாங்கியதன் உயரம் 158 மி.மீ. கேபினெட்டுக்குள் 160 வரை போகும் என்று கடையில் சொன்னார்கள். மாட்டி முடித்துக் கண்ணாடிக் கதவை வைத்தால் மூடவில்லை. பிராசசரின் மேல்பரப்பிலிருந்து கதவு வரை ஸ்கேல் வைத்து அளந்தேன், 156 தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று 400 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து எடுத்தது டீப்கூல் ஏகே400. 155 மி.மீ. உயரம், சூட்டைக் கடத்தும் நான்கு ஹீட் பைப், 120 மி.மீ. ஃபேன் ஒன்று. அதே அறை, அதே 38 டிகிரி, அதே ரெண்டர். 71-ல் நின்றது. குழந்தை தூங்குகிறது.

இதில் நான் புரிந்துகொண்ட ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏர் கூலரால் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்கவே முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். வெளிநாட்டு வீடியோக்களில் 22, 23 டிகிரி அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே 65 காட்டினால் நம் மே மாதத்துக்கு 15-ஐக் கூட்டிப் பாருங்கள். கூலர் வாங்கும் முன் அறையில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி வையுங்கள்.

நெல்லை டவுன்:

அண்ணா, உங்களுக்குக் கதவுதான் மூடவில்லை. எனக்குப் பிராசசரே கையோடு வந்துவிட்டது. ரைசன் 5 2600. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்த மூன்று வருடமாக இருந்த பேஸ்ட் இறுகிப்போயிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு நேராக மேலே இழுத்தேன். மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே அது கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஓரத்தில் ஐந்து ஊசிகள் வளைந்திருந்தன. லீட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொன்றிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். பிழைத்துக்கொண்டது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள், கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் நன்றாக ஓட விடுங்கள். பேஸ்ட் இளகும். அப்புறம் அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள். அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் இந்தப் பயம் இல்லை. ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன, பிராசசரை இரும்புச் சட்டம் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று: ஏஎம்4-இல் முன்பக்க பிளாஸ்டிக் சட்டங்களைக் கழற்றினால் மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்பிளேட் என்ற தாங்கு தகடு நழுவி விழுந்துவிடும். ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து:

தங்கைக்கு இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர் வைத்துக் கட்டிக்கொடுத்தேன். பழைய கணினியின் கூலரையே போடலாம் என்று பார்த்தால் துளைகள் பொருந்தவில்லை. எல்ஜிஏ1200 போன்ற முந்தைய இன்டெல் சாக்கெட்டுகளில் துளைக்குத் துளை 75 மி.மீ., இதன் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 78. பழையதை மாட்ட கூலர் கம்பெனி தனியாக விற்கும் கிட் தேவைப்படும். அதனால் புதிதாகவே வாங்கினேன்.

போட்டதும் ஒரே நிமிடத்தில் 100 டிகிரி. பேஸ்ட் குறைவோ என்று நினைத்தேன், ஸ்க்ரூ இறுக்கம் போதவில்லையோ என்றும் பார்த்தேன். கடைசியில் கழற்றினால், கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. உரித்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து மாட்டியதும் 66. ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் முறுக்காதீர்கள், மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

யாழ்ப்பாணம்:

என்னிடம் ரைசன் 7 5800எக்ஸ். பெட்டியில் கூலரே வராது, வாங்கித்தான் ஆகவேண்டும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ எடுத்தேன். இரட்டைக் கோபுரம், ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன். முன்பக்க ஃபேன் என் உயரமான ராமில் இடித்தது. ஃபேனைச் சற்று மேலே தூக்கி மாட்டினேன், அந்த அளவுக்கு மொத்த உயரமும் கூடிப்போனது. கதவு மட்டுமட்டாக மூடியது. ராம் வாங்கும்போதே உயரத்தைப் பாருங்கள் என்பேன்.

இவ்வளவு பெரிய கூலர் போட்டும் முழு வேலையில் 84 காட்டியது. முதலில் மனம் சோர்ந்துவிட்டேன். பிறகு விளங்கியது: இந்த பிராசசர் 142 வாட் வரை இழுக்கும், அதில் பெரும்பகுதி மிகச் சிறிய ஒரு சில்லிலிருந்து கிளம்புகிறது. சூடு அந்தச் சில்லிலிருந்து கூலரின் அடித்தகட்டுக்கு வந்து சேருவதே சிரமம். மதர்போர்டின் அமைப்புகள் இருக்கும் பயாஸில், மின்சார வரம்பைக் குறைக்கும் ஈகோ மோடை இயக்கினேன். 84 போய் 67 ஆனது, என் வீடியோ எடிட்டிங்கில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

திருச்சி நண்பரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேபினெட்டின் பின்னால் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் வைத்திருக்கிறீர்களா?

திருச்சி மாடிவீடு:

இருக்கிறது. முதலில் அது இல்லாமல்தான் சோதித்தேன், 71 என்று சொன்னது அதுதான். பின்னால் ஒரு 120 மி.மீ. ஃபேன் சேர்த்ததும் 67-க்கு வந்தது. அந்த ஃபேன் விலை 450 ரூபாய். ஈகோ மோடை இன்று இரவு ரெண்டர் முடிந்ததும் போட்டுப் பார்க்கிறேன்.